இருபத்தாறாம் நம்பர் பெட்டி

— மறுபடியும் போயிடுச்சு மேடம். பச்சை லைட்டு எரிஞ்சுச்சு, மூணு எண்ணுறதுக்குள்ள செவப்பு.

— வசந்தன், நான் சிங்கப்பூர் ஆப்பிசில இருந்து கதைக்கிறன். உங்கட வீட்டு லைட்டு எனக்குத் தெரியாது. என்ர ஸ்கிரீனில தெரியிறதெல்லாம் இவ்வளவுதான்: மலேசியாவில, உங்கட கெலாங் பாத்தாவில, எங்கட நெட்வொர்க் பெட்டி ஒண்டு வருது, போகுது. வருது, போகுது.

— நான் ஒன்னும் பண்ணல மேடம். நீங்க கடுதாசில எழுதிக் குடுத்த மாதிரியே திங்கக்கிழமை மாட்டுனேன். அன்னைக்கு நல்லாத்தானே வேலை செஞ்சுச்சு?

— ஓம், திங்கக்கிழமை நல்லா இருந்தது. இண்டைக்குப் புதன்கிழமை. மூண்டு மணிக்கு டெஸ்ட். இப்ப ரெண்டே கால். பாஸ் எண்டால் அடுத்த வாரத்தில இருந்து நீங்கள் வீட்டில இருந்தே, சாமான் குளிரில வைக்கிற எங்கட பன்னிரண்டு கோல்ட் ரூமையும் பாக்கலாம். ஃபெயில் எண்டால் பெட்டியைத் திருப்பி அனுப்பவேணும், நீங்கள் வழமை போல இங்க துவாஸுக்கு மோட்டர் சைக்கிளில வரவேணும். வெருட்டுறதுக்குச் சொல்லேல்லை. மேலிடம் சொன்னதைச் சொல்றன்.

— தெரியும் மேடம். பதினோரு வருசமா வந்துக்கிட்டுத்தானே இருக்கேன்.

— ஏங்க, யாரு லைன்ல? அந்த சுபத்திரா மேடமா? சாப்பிட்டாங்களான்னு கேளுங்க.

— பிரேமா, சும்மா இரு லா! ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்.

— ஸ்பீக்கர்ல போட்டா சாப்பிட மாட்டாங்களா? வணக்கம் மேடம், நான் பிரேமலா, இவரு சம்சாரம். எப்படியாச்சும் இந்த வேலைய வீட்டுக்குக் கொண்டாந்து குடுத்துடுங்க மேடம். காலைல நாலு மணிக்கு மோட்டர எடுத்தா, இந்த மனுசன் செகண்ட் லிங்க் பாலம் தாண்டி வேலைக்குப் போய்ச் சேர்ந்து மெசேஜ் போடுற வரைக்கும் எனக்குத் தூக்கமே கெடையாது. எங்க மவ ரூபினி இருக்காளே, ஸ்கூல்ல டீச்சர் வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்கன்னு எழுதச் சொன்னாங்களாம். அம்மா, பூனை, அப்பாவோட ஹெல்மெட்டுன்னு எழுதிட்டு வந்திருக்கா.

— பூனைக்கு அப்புறமா எழுதியிருக்கா மேடம். அதுதான் எனக்கு இன்னும் ஆறல.

— நானும் அதுக்குத்தான் பாடுபடுறன் அக்கா. வசந்தன், ஸ்டெப் பை ஸ்டெப்பா போவம். முதல் பெட்டியைப் பாருங்கோ. வயர் இறுக்கமா இருக்கோ? பக்கத்தில இருக்கிற காத்துத் துவாரத்தை ஏதும் மறைச்சிருக்கோ?

— வயரு டைட்டாத்தான் இருக்கு. ஓட்டைய மட்டும்… பிரேமா, இது என்னாது?

— பொட்டு.

— ஓட்டை மேலயா வைப்ப?

— நடுவுல வெச்சேன், சந்தனம் வழிஞ்சிடுச்சு. புது சாமான் வீட்டுக்குள்ள வந்தா பொட்டு வைக்க வேணாமா? ஏர்கான் வந்தப்ப வெச்சேன், வாஷிங் மெஷின் வந்தப்ப வெச்சேன். அதெல்லாம் ஓடலயா?

— வசந்தன், துணியால துடையுங்கோ. எலுமிச்சம்பழம் ஏதும் கட்டியிருக்கோ?

— அது எப்படி மேடம் உங்களுக்குத் தெரிஞ்சுச்சு?

— என்ர அம்மாவும் இப்பிடித்தான். அவிழ்த்து வையுங்கோ.

— தொடச்சுட்டேன். பழத்தையும் கழட்டிட்டேன். இன்னும் செவப்புதான் மேடம்.

— ஏங்க, ரொட்டிக்காரன் ஹார்ன் அடிக்கிறான். நான் வெளி கேட்டு பகார் கிட்ட போயி ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வந்துடுறேன். ரூபினி வந்தா பசிக்கும்.

— போ, போ. போய்ட்டு வா… மேடம்! பச்சை! பச்சை வந்துடுச்சு!

— ஓம், எனக்கும் தெரியுது. அசையாதேங்கோ. ஒரு நிமிசம் பொறுங்கோ. நல்லா வருது. அருமையா வருது. அப்ப சந்தனம்தான் பிரச்சினை போல.

— அப்பாடா. நான் சொல்றேன்ல மேடம், இவ எதுக்கெடுத்தாலும்…

— ஏங்க, கோப்பி ரொட்டி தீர்ந்து போச்சாம். தேங்கா ரொட்டிதான் இருந்துச்சு.

— ஐயோ, அலமாக்! செவப்பு.

— என்ன நடந்தது? நீங்கள் ஏதும் தொட்டனீங்களோ?

— சத்தியமா இல்ல மேடம். கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

— ஏங்க, மிச்சக் காச வாங்காம வந்துட்டேன். இதோ வர்றேன்.

— பச்சை!

— எனக்கும் பச்சை. வசந்தன், இது என்ன கூத்து?

— வாங்கியாச்சு. கள்ளப் பய, கேக்கலன்னா குடுத்திருக்கவே மாட்டான்.

— செவப்பு… மேடம், ஒரு விசயம். சொன்னா வீட்டுல பெரிய வம்பாயிடும்.

— சொல்லுங்கோ, நேரம் போகுது.

— என் பொண்டாட்டி வெளிய போனா லைன் வருது. உள்ள வந்தா போயிடுது.

— என்னங்க சொன்னீங்க?

— பகிடி விடாதேங்கோ வசந்தன். ரெண்டரை ஆகுது.

— பகிடி இல்ல மேடம். நீங்களே பாருங்க. பிரேமா, ஒரே ஒரு தடவ பகார் வரைக்கும் போயிட்டு வா.

— நான் போறேன். ஆனா ஒன்னு கேக்குறேன். அப்ப நான்தான் இந்த வீட்டுக்குத் தரித்திரமா? கல்யாணமாகி வந்த அன்னைக்கே ஃபேன் நின்னு போச்சுன்னு உங்க அம்மா ஒரு வருசம் சொல்லிக் காட்டுனாங்க. இப்ப நீங்க ஆரம்பிச்சிருக்கீங்க. அதுவும் ஆப்பிஸ்ல இருக்கிறவங்க முன்னாடி!

— தாயே, போயிட்டு வா லா. அப்புறமா திட்டு… போயிட்டா. பச்சை.

— ஓம், பச்சை.

— வந்துட்டேன். என்ன ஆச்சு?

— செவப்பு.

— செவப்பு அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ, உங்களைக் குறை சொல்லேல்லை. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. உள்ளுக்கு வரேக்க உங்கட கையில என்ன இருந்தது?

— ரொட்டி.

— இப்ப போயிட்டு வந்தீங்களே, இப்ப?

— இப்ப… ஃபோனு மட்டும்தான்.

— அதுதான். ஃபோன்ல வைஃபையை நிப்பாட்டுங்கோ.

— நிப்பாட்டியாச்சு.

— பச்சை! மேடம், இவ உள்ளதான் நிக்கிறா. என் பக்கத்துலயே நிக்கிறா. ஆனாலும் பச்சை!

— கேட்டீங்களா? தரித்திரம் நான் இல்ல, ஃபோனு.

— பொறுங்கோ, பொறுங்கோ. அக்காட ஃபோனுக்கும் எங்கட பெட்டிக்கும் என்ன சண்டை? வசந்தன், லேப்டாப்பில பெட்டியோட செட்டிங் பக்கத்தைத் திறவுங்கோ. மேல நம்பர் ஒண்டு இருக்கும், நாலு துண்டா. வாசிச்சுக் காட்டுங்கோ.

— ஒன்னு ஒம்போது ரெண்டு. புள்ளி. ஒன்னு ஆறு எட்டு. புள்ளி. ஒன்னு. புள்ளி. இருபத்தி நாலு.

— கடைசியை இன்னொருக்கா சொல்லுங்கோ.

— இருபத்தி நாலு.

— நான் கடதாசியில தந்தது இருபத்தாறு.

— நானும் இருபத்தாறுதான் போட்டேன் மேடம். திங்கக்கிழமை ரெண்டு தடவ சரி பார்த்தேன்.

— அப்ப ஆர் மாத்தினது? அந்தப் பக்கத்துக்குப் பாஸ்வேர்ட் வேணும். சும்மா ஒருத்தரும் உள்ளுக்குப் போகேலாது.

— பாஸ்வேர்ட நான் பெட்டிக்கு அடியில எழுதி ஒட்டி வெச்சிருக்கேன். மறந்துடக் கூடாதுன்னு. ஆனா இந்த வீட்டுல யாரு மேடம் அதப் போயி… பிரேமா. ஏன் ரொட்டிய எடுத்து எடுத்து வைக்கிற?

— தேதி பாக்குறேன்.

— பிரேமா.

— ஆமா, நான்தான் மாத்துனேன். நேத்து நீங்க வேலைக்குப் போனதும் மாத்துனேன். இப்ப என்னாங்கிறீங்க? இருபத்தாறுன்னா ரெண்டும் ஆறும் எட்டு. எட்டு சனி. தெரிஞ்சே அத வீட்டுக்குள்ள விடுவாங்களா?

— இவளுக்கு அத எப்படி மாத்தணும்னே தெரியாதே மேடம்!

— ஏன் தெரியாது? வீட்டுக்கு வைஃபை மாட்ட வந்துச்சே, செல்வா தம்பி, அதுதான் சொல்லிக் குடுத்துச்சு. அக்கா, வீட்டுல இருக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனி நம்பர் உண்டு, பிடிக்கலன்னா நாமளே மாத்திக்கலாம்னு. டிவிக்குப் பதினஞ்சு. வாசல் கேமராவுக்கு முப்பத்தி மூணு. ரூபினி டேப்லட்டுக்கு வெறும் ஆறு. எதக் கூட்டுனாலும் ஆறு. ஆறு சுக்கிரன். எல்லாம் நான் போட்டதுதான்.

— அக்கா, நீங்கள் ஒவ்வொண்டுக்கும் கையால நம்பர் போட்டனீங்களோ? சப்நெட், கேட்வே எல்லாம்?

— அதெல்லாம் இருக்கிறத அப்படியே விட்டுடணும் மேடம். கடைசி நம்பர மட்டும்தான் மாத்தணும். ரௌட்டர் ஒன்னாம் நம்பர், அதத் தொடவே கூடாது. செல்வா சொல்லியிருக்கு.

— வசந்தன், இது எங்கட ஆப்பிசில ரெண்டு பேருக்குத்தான் ஒழுங்காத் தெரியும். ஒருத்தர் லீவில நிக்கிறார்.

— மேடம், பாராட்டுறதுக்கு இது நேரமில்ல!

— ஓம், ஓம். அக்கா, அப்ப உங்கட ஃபோனுக்கு என்ன நம்பர்?

— இருபத்தி நாலு.

— பெட்டிக்கும் இருபத்தி நாலு?

— ஆமா. பெட்டி அவரோடது, ஃபோனு என்னோடது. புருசன் பொண்டாட்டிக்கு எதுக்கு மேடம் தனித்தனி நம்பர்? ஒத்துமையா ஒரே நம்பரா இருக்கட்டும்னு போட்டேன்.

— மேடம்? லைன்ல இருக்கீங்களா? சிரிக்கிறீங்களா?

— இல்லை. தண்ணி குடிச்சனான். அக்கா, உங்கட வீட்டுத் தாமானில ஒரே தெருவில ரெண்டு வீட்டுக்கு ஒரே நம்பர் இருந்தால் போஸ்ட்மேன் என்ன செய்வார்?

— ஒரு நாளு இங்க போடுவான், ஒரு நாளு அங்க போடுவான். மழை வந்தா பகார் மேல வீசிட்டுப் போயிடுவான்.

— அதேதான் உங்கட வீட்டில நடக்குது. நீங்கள் வெளியில போனால் ஃபோனுக்கு வைஃபை எட்டேல்லை. ஃபோனோட உள்ளுக்கு வந்ததும் எந்த இருபத்தி நாலுக்குக் குடுக்கிறதெண்டு லைனுக்குத் தெரியேல்லை. ரெண்டு பேருக்கும் கிடைக்கேல்லை.

— அட, இவ்வளவுதானா? அப்ப என் ஃபோன நாப்பத்தி ரெண்டுக்கு மாத்திடுறேன். நாலும் ரெண்டும் ஆறு. பெட்டி இருபத்தி நாலுலயே இருக்கட்டும். ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிடும்.

— முடியாது அக்கா. கம்பெனிப் பக்கம் உங்கட வீட்டுக் கதவு இருபத்தாறு எண்டுதான் திறக்கும். இப்ப லைட்டு பச்சையா இருக்கு, சரி. ஆனா டெஸ்ட் அலாரம் இருபத்தாறைத் தேடித்தான் வரும். அதை மாத்தவேணுமெண்டால் மேலிடத்துக்கு எழுதவேணும். ரெண்டு கிழமை எடுக்கும். டெஸ்ட் இன்னும் இருபத்திரண்டு நிமிசத்தில.

— பிரேமா, தள்ளு. நான் இருபத்தாறு போடுறேன்.

— போட விட மாட்டேன்.

— வெளையாடாத லா!

— வெளையாடல. உங்க பழைய மோட்டர் நம்பர் என்னா? நாலு ஆறு ஒன்னு ஆறு. கூட்டுங்க. பதினேழு. ஒன்னும் ஏழும் எட்டு. வாங்குறப்பவே வேணாம் வேணாம்னு சொன்னேன். கேட்டீங்களா? நாலு வருசத்துக்கு முன்னாடி லாரிக்காரன் இடிச்சு, பத்தொம்போது நாளு ஆஸ்பத்திரியில கெடந்தீங்க. உங்க இடுப்புல இன்னும் கம்பி இருக்கு. மேடம், நீங்களே சொல்லுங்க. ஒரு தடவ எட்டு எங்க வீட்டுக்குள்ள வந்துட்டுப் போச்சு. மறுபடியும் நானே கூப்பிட்டு உக்கார வைக்கணுமா?

— அக்கா, நம்பருக்கும் லாரிக்கும் ஒரு சம்பந்தமும்…

— நீங்க படிச்சவங்க, சொல்லுவீங்க. அந்த வாசல்ல ரத்தச் சட்டையத் தொவச்சது நான்.

— பிரேமா. அது லாரி இல்ல.

— என்னாது?

— லாரியே இல்ல. அன்னைக்கு ரோட்டுல யாருமே இல்ல. நான் மட்டும்தான் போனேன்.

— அப்புறம் எப்படி விழுந்தீங்க?

— தூங்கிட்டேன். மோட்டர ஓட்டிக்கிட்டே தூங்கிட்டேன். கண்ண முழிச்சப்ப தடுப்புக் கம்பிக்குக் கீழ கெடந்தேன். உன்கிட்ட சொன்னா வேலைய விடச் சொல்லுவ. வேற வேலை எங்க இருந்துச்சு? அதான் லாரின்னேன். போலீஸ்லயும் லாரின்னேன். லாரிக்கு என்னா கலருன்னு கேட்டாங்க, நீலம்னு சொல்லிட்டேன்.

— நான்… நான் லைனை வைக்கட்டோ வசந்தன்? பிறகு எடுக்கிறன்.

— வேணாம் மேடம், இருங்க. நீங்க லைன்ல இருந்தாதான் இவ அடிக்காம கேப்பா.

— அடிக்க மாட்டேன். சொல்லுங்க. மிச்சத்தையும் சொல்லுங்க.

— இப்ப ஓட்டுற மோட்டர் இருக்குல்ல? நீ ஆறு மாசம் காத்திருந்து எடுத்த நம்பரு. கூட்டுனா ஆறு. உன் சுக்கிரன். அதுலயும் ரெண்டு தடவ தூங்கியிருக்கேன் பிரேமா. போன மாசம் ஒன்னு. மூணு வாரத்துக்கு முன்னாடி ஒன்னு, பாலத்து மேல. பின்னாடி வந்த பையன் ஹார்ன் அடிச்சு எழுப்புனான். எனக்கு எட்டுமேல பயம் இல்ல. நாலு மணி மேலதான் பயம்.

— பாவி மனுசா.

— திட்டு.

— நாலு வருசமா சனிக்கிழமை ஒன்னு விடாம எள்ளு தீபம் போடுறேன். ஊருல இருக்கிற நீல லாரி அத்தனையையும் சபிச்சிருக்கேன். நீலக் கலருல ஒரு சீலை வாங்கல. நீங்க பாட்டுக்கு தூங்கிட்டு விழுந்துட்டு, பழிய அந்த சனீஸ்வரன் மேல போட்டுட்டீங்களே! அவரு என்னா நெனச்சிருப்பாரு?

— அக்கா, ரெண்டு நாப்பத்தொம்பது.

— தெரியும் மேடம். ஏங்க, எந்திரிங்க.

— எங்க போற?

— எங்கயும் போகல. எந்திரிங்க, நான் போடுறேன். உங்களுக்கு வேகமா டைப் பண்ணத் தெரியாது.

— பிரேமா, நெசமாவா?

— எட்டு வீட்டுக்குள்ள இருந்துட்டுப் போகட்டும். நீங்களும் வீட்டுக்குள்ள இருங்க. எனக்கு அது போதும்… ஒன்னு ஒம்போது ரெண்டு, ஒன்னு ஆறு எட்டு, ஒன்னு, இருபத்தாறு. முருகா. சேவ்.

— ஐயோ, பக்கம் நின்னு போச்சு! வெள்ளையா சுத்திக்கிட்டே இருக்கு! மேடம், போச்சு!

— கத்தாதீங்க. நம்பர் மாறிடுச்சுல்ல? இன்னும் பழைய வீட்டுலயே போயிக் கதவத் தட்டிக்கிட்டு இருந்தா யாரு தொறப்பா? மேல புது நம்பர அடிங்க.

— அக்கா சொல்றது சரி வசந்தன். அப்பிடியே செய்யுங்கோ.

— வந்துடுச்சு. பக்கம் வந்துடுச்சு. பச்சை!

— என் ஃபோன்லயும் வைஃபை போட்டுப் பார்க்குறேன் மேடம். இது இருபத்தி நாலுலயே இருக்கட்டும்… போட்டாச்சு. இப்பவும் பச்சைதானே?

— பச்சை. நல்ல பச்சை. நான் பெட்டியை ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பாக்கிறன். பாத்தாச்சு. சரியா வருது. வசந்தன், கதிரையில இருங்கோ. மூண்டு மணிக்கு நான் ஒரு பொய் அலாரம் அனுப்புவன். முப்பது செக்கனுக்குள்ள எந்த ரூம் எண்டு பாத்து, என்ன செய்யவேணுமெண்டு சொல்லவேணும்.

— தெரியும் மேடம். பிரேமா, மூச்சு விடாத.

— நீங்க விடுங்க. மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு.

— அனுப்புறன்… இப்ப.

— வந்துடுச்சு! ஏழாம் நம்பர் கோல்ட் ரூம். கதவு தொறந்திருக்கு. உள்ள மைனஸ் பதினாறு, ஏறிக்கிட்டே இருக்கு. மீனு. முதல்ல டூட்டியில இருக்கிறவனுக்குக் கால் போடணும், கதவ மூடச் சொல்லணும், அஞ்சு நிமிசத்துல எறங்கலன்னா எட்டாம் நம்பருக்குச் சாமான மாத்தச் சொல்லணும்.

— பதினொரு செக்கன்.

— என்ன மேடம்?

— பதினொரு செக்கன்ல சொல்லிட்டீங்கள். பாஸ் வசந்தன். திங்கக்கிழமை காலமை ஏழு மணிக்கு வீட்டில இருந்தே தொடங்குங்கோ. நான் மேலிடத்துக்கு இப்பவே எழுதுறன்.

— பிரேமா! ஏய், எதுக்கு அழுவுற? பாஸுன்னு சொல்றாங்க லா!

— அழல. வெங்காயம் நறுக்குனேன்.

— நீ இன்னைக்கு வெங்காயமே நறுக்கல.

— நாளைக்கு நறுக்குவேன். மேடம், ரொம்ப நன்றி மேடம். ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட சாப்பிட வரணும். ஒன்னு மட்டும் கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. பொட்டும் போச்சு, பழத்தையும் கழட்டியாச்சு, எட்டையும் ஒத்துக்கிட்டேன். இந்த இருபத்தாற எங்க வீட்டுக்குன்னு யாரு மேடம் எழுதுனது?

— ஒருத்தரும் எழுதேல்லை அக்கா. அந்தப் பெட்டிக்கு அதுதான் நம்பர். பெட்டி ஆரிட்டப் போனாலும் நம்பர் மாறாது.

— அதான் மேடம் எனக்கும் ஒரு சந்தேகம். எனக்கு மேல மதிவாணன் அண்ணன், வேலு அண்ணன் ரெண்டு பேரு சீனியர் இருக்காங்க. அவங்கள விட்டுட்டு இந்த வேலைய எனக்கு எப்படிக் குடுத்தாங்க?

— இதை நான் சொல்லக்கூடாது. நீங்களும் வெளியில சொல்லாதேங்கோ. பெட்டி முதல் மதிவாணன் வீட்டுக்குத்தான் போனது. அவரிட மாமியார் கடதாசியைப் பாத்திட்டு வாசல் தாண்ட விடேல்லை. பிறகு வேலுவுக்கு அனுப்பினம். அவர் அந்த நம்பர் ஆகுமோ எண்டு கோயிலில பூக் கட்டிக் கேட்டவராம், வேண்டாம் எண்டு வந்ததாம். அக்கா, ரெண்டு வீடு இருபத்தாறுக்குப் பயந்து கதவைச் சாத்தினதாலதான் இந்த வேலை உங்கட வீட்டுக்கு வந்தது.